இருதய நோயும் பொருநைப் பள்ளத்தாக்கும்

பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என ஊர்களைத் தொட்டுக்கொண்டே சென்று புன்னைக்காயலில் கடலை அடைகிறது. இவ்வாற்றின் இரு கரைகளிலும் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் இக்காலத்தில் அடிக்கடி கேட்டுத் திரும்பும் வார்த்தை ஒன்றுண்டு. "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தார்; வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்தார்; விடிவதற்குள் போய்விட்டார்" என்பதே அது. இவ்வாறு போகிறவர்கள் அனைவரும் பேரன் பேத்தி கண்டு ஓய்ந்த முதியவர்களல்லர். குடும்பத்தைத் தாங்கி நிற்கும் நாற்பது, ஐம்பது வயதினர் பலர். இதை விதியென்று சொல்லி நெற்றியில் திருநீறிட்டுக்கொண்டு எழுந்து வருவது நமது வழக்கமாகிவிட்டது. இது விதிதானா என்பதே இன்று நாம் விசாரிக்க விரும்பும் விஷயம்.

நாம் வைத்திய சாஸ்திரம் கற்றவர்களல்லோம். ஆயினும் சாட்சியத்தை நிறுத்துப் பார்ப்பது நமது தொழில். இருதய நோயைக் குறித்துச் சென்ற சில பத்தாண்டுகளில் உலகெங்கும், சிறப்பாக நமது தேசத்திலும் நமது மாகாணத்திலும், நடந்துள்ள ஆராய்ச்சிகள் மிகப் பெரிய சாட்சியமாகும். அவற்றைத் தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் அவை காட்டும் முடிவு வைத்தியர்களோடு மட்டும் நிற்பதன்று. சர்க்காரையும் சமூகத்தையும் கேள்வி கேட்பது.

நோயின் அளவு

1990ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த மரணங்களில் நூற்றுக்குச் சுமார் 15 இருதயம், இரத்தக் குழாய் ஆகியவற்றைப் பற்றிய நோய்களால் நேர்ந்தவை. 2016ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 28 ஆக உயர்ந்துவிட்டதென மாகாண வாரியாகக் கணக்கிட்ட ஆராய்ச்சியாளர் கண்டனர். காலராவும் வைசூரியும் ஊரைக் காலி செய்த காலம் போய், ஓசையின்றி வந்து தனித் தனி வீடாகப் புகும் வியாதியின் காலம் வந்திருக்கிறது.

இந்நோய் நம்மவரை மற்றவரைவிட விரைவில் பற்றுகிறது. கேரளத்திற் பிறந்து கானடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 தேசங்களில் நடந்து 2004ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சியில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு ஏற்படும் நடு வயது 53 என்றும், மற்றவர்க்கு ஏறக்குறைய 59 என்றும் தெரியவந்தது. ஆறு வருஷம் என்பது சிறிய வித்தியாசமன்று. பெண்ணின் விவாகமும் பையனின் படிப்பும் முடியாத ஆறு வருஷம் அது.

ஆனால் அதே ஆராய்ச்சி நம்பிக்கை தரும் ஒன்றையும் கூறிற்று. புகையிலை, இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, வயிற்றுப் பருமன், ஓயாத மனக்கவலை, காய்கனி குறைந்த ஆகாரம், உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது காரணங்களே மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்பது அதன் முடிவு. இவற்றில் பெரும்பாலானவை மனித முயற்சிக்கு உட்பட்டவை. ஜாதகத்தில் எழுதியவை அல்ல.

நாழிகைக் கணக்கு

மாரடைப்பு என்பது யாது? உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும் இருதயம் தானும் ஒரு தசையே. அதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்களின் உட்சுவரில் பல வருஷங்களாகக் கொழுப்புப் படிந்துவருகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. அடைபட்ட கால்வாய்க்குக் கீழேயுள்ள வயல் போல, அக்குழாய் ஊட்டிவந்த தசை வாடத் தொடங்குகிறது. வயலுக்காவது சில நாள் தவணை உண்டு. இருதயத் தசைக்குச் சில மணி நேரமே தவணை. முதல் ஒரு மணிக்குள் அடைப்பைத் திறந்தால் காப்பாற்றப்படும் தசை அதிகம். தாமதிக்கத் தாமதிக்கப் பயன் குறைகிறது. பன்னிரண்டு மணி கடந்தால் பெரும்பாலும் பயனில்லை.

அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. உறைந்த இரத்தத்தை மருந்தூசியால் கரைப்பது ஒன்று. கையிலோ தொடையிலோ உள்ள குழாய் வழியாகக் கம்பி செலுத்தி, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழலை வைப்பது மற்றொன்று. இரண்டாவது சிறந்தது; ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டுமே ஆகும். முதலாவதைத் தாலூகா ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். இது நோய் தெரிந்தவுடன் செய்யவேண்டியது.

நமது தேசத்தில் இந்த நாழிகைக் கணக்கு எப்படி இருக்கிறது? பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் டெனிஸ் சேவியர் முதலியோர் 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 நோயாளிகளைக் கவனித்து 2008ல் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடையளிக்கிறது. நெஞ்சு வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை அடைய நோயாளிகள் எடுத்துக்கொண்ட நடுக் காலம் 360 நிமிஷம். அதாவது ஆறு மணி நேரம். வாசலை அடைந்தபின் மருந்தூசி போடப்பட ஆனதோ 50 நிமிஷமே. ஆகவே பெரும் தாமதம் ஆஸ்பத்திரிக்குள் அல்ல. வீட்டுத் திண்ணையிலும், சாலையிலும், சிகிச்சை வசதியில்லாத இடங்களில் அலைவதிலும் ஏற்படுகிறது.

அவ்வறிக்கையில் இன்னும் கனமான விஷயம் ஒன்றுண்டு. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் செல்வரில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. ஏழையின் உடல் நலிந்தது, ஆகையால் இறந்தான் என்று வாதிக்கலாம் என நினைப்பவர்க்கு ஆராய்ச்சியாளர் பதில் வைத்திருக்கிறார்கள். வயது முதலியவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் மறையவில்லை. பெற்ற சிகிச்சையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது மறைந்துவிட்டது. அதாவது ஒரே சிகிச்சை கிடைத்திருந்தால் ஏழையும் செல்வனும் ஒரே விதமாகப் பிழைத்திருப்பார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர் நோயினால் அல்ல, ஏழ்மையினால் இறந்தார்கள். இதற்கு விதியென்று பெயரிட நாம் சம்மதியோம்.

தமிழ்நாட்டில் நடந்த சோதனை

சாலையில் கழியும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்பதை நமது மாகாணத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி முதலியோர் 2012 முதல் 2014 வரை நடத்திய ஏற்பாடு அது. வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் போல, ஒரு பெரிய ஆஸ்பத்திரியை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளை அதனோடு இணைத்தனர். சிறிய ஆஸ்பத்திரியிலோ ஆம்புலன்ஸிலோ எடுத்த இ.சி.ஜி. படம் தொலைவிலிருந்த நிபுணரின் கண்ணுக்கு உடனே எட்டிற்று. கரைப்பூசியை அங்கேயே போட்டு, பிறகு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து குழாயைச் சோதித்தனர். ஏழைகளுக்குச் சர்க்கார் இன்ஷூரன்ஸ் செலவைத் தாங்கிற்று.

2,420 நோயாளிகளின் விவரம் 2017ல் வெளியாயிற்று. குழாய்ச் சோதனை பெற்றவர்கள் நூற்றுக்கு 35லிருந்து சுமார் 61 ஆக உயர்ந்தனர். ஒரு வருஷத்திற்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6லிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். முன்னும் பின்னும் ஒப்பிட்ட கணக்காதலால் இதை முற்ற முடிந்த தீர்ப்பென்று கொள்ளலாகாது. ஆயினும் தள்ளிவிட முடியாத சாட்சியம். புதிய மருந்து எதுவும் இதில் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தவற்றை ஒழுங்குபடுத்தியதே புதுமை.

இந்த 2,420 பேரில் ஸ்திரீகள் 386 பேரே என்பதையும் நேயர்கள் கவனிக்கவேண்டும். மாரடைப்பு ஆண்களுக்கு அதிகமென்பது மெய்யே. ஆனால் வித்தியாசம் முழுவதும் நோயின் இயல்பு என்று கொள்ள நாம் துணியோம். ஸ்திரீகளுக்கு நெஞ்சு வலி தெளிவாகத் தெரியாமல், மூச்சுத் திணறல், முதுகு வலி, தாடை வலி, காரணமற்ற களைப்பு என்று நோய் வேஷம் மாறி வருவதுண்டு. நமது வீடுகளில் அடுப்படியில் நிற்பவளின் களைப்பை யார் விசாரிக்கிறார்கள்?

2008 முதல் 108 ஆம்புலன்ஸ் நமது மாகாணத்தில் ஓடுகிறது. 2023ல் "இதயம் காப்போம்" என்னும் திட்டத்தின்படி, நெஞ்சு வலியோடு வருபவர்க்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 ஆகப் பதினான்கு மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகக் கொடுத்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. இவை நல்ல காரியங்கள், பாராட்டுகிறோம். ஆனால் காரையாறு, சேர்வலாறு மலைக் குடியிருப்புகளிலுள்ள காணிக்காரருக்கும், மணிமுத்தாறு அடிவாரத்து விவசாயிக்கும் நடு நிசியில் இவை எட்டுகின்றனவா என்பதே ஏற்பாட்டின் உரைகல்.

பீடியின் கணக்கு

பீடியைப் பற்றிப் பேசாமல் நமது ஜில்லாவில் இருதய நோயைப் பற்றிப் பேசுவது பொய்யாகும். மேலப்பாளையம், முக்கூடல் முதலிய ஊர்களில் எத்தனையோ ஆயிரம் ஸ்திரீகள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் கட்டிப் பிழைக்கிறார்கள். பீடி சுருட்டிய கூலியில் எழுத்தறிந்த பிள்ளைகள் நம்மிடையே அநேகர். ஆயினும் உண்மையை மறைக்க இயலாது. மேற்சொன்ன இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியில் பீடி புகைப்போர்க்கு மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய 2.9 மடங்கு என்று தெரிந்தது. சிகரெட்டைவிடப் பீடி சாது என்னும் எண்ணம் ஆதாரமற்றது. புகையிலையை மெல்லுவோர்க்கும் அபாயம் 2.2 மடங்கு, ஆகவே வெற்றிலையோடு சேர்ந்ததனால் அதற்கு மன்னிப்பில்லை. விட்டவர்க்கு அபாயம் சில ஆண்டுகளிலேயே குறையத் தொடங்குகிறது என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு.

புகைப்பவனை நிறுத்து என்று சொல்வது எளிது. சுற்றுபவளுக்கு என்ன செய்வது? மாற்றுத் தொழில் காட்டாமல் அவளுடைய முறத்தைப் பிடுங்குவது தர்மமன்று. அவளுடைய கஷ்டத்தைக் காட்டி நஞ்சை நிலைநாட்டுவதும் தர்மமன்று. கூலியும் கௌரவமும் குறையாத வேறு தொழிலை இப்பள்ளத்தாக்கிற்குக் கொண்டுவருவது இருதய வைத்தியத்தின் ஓர் அங்கமென்றே நாம் கருதுகிறோம்.

சுதேசி இருதய வால்வு

1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட இச்சீமை மக்கள், பொதிகைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் நடந்த மற்றொரு சுதேசி முயற்சியை அறிதல் நன்று. இளம் வயதில் தொண்டை நோய்க்குப் பின் வரும் வாதக் காய்ச்சல், ஏழைக் குழந்தைகளின் இருதய வால்வுகளைக் கெடுத்துவிடுகிறது. நெருக்கடியான வீடுகளில் வளரும் நோய் இது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறாமல் போட்டுவந்தால் காய்ச்சல் மீண்டும் வராமல் காக்கலாம். காக்கத் தவறி வால்வு கெட்டவர்க்குச் செயற்கை வால்வு வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வந்தவரையில் ஏழைக்கு எட்டாப் பொருளாயிருந்தது.

ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் வைத்தியரும் இன்ஜினீயர்களும் கூடி உழைத்தனர். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நான்காவது தேறிற்று. 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ந் தேதி அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து, அந்நிய வால்வைவிடக் குறைந்த விலையில் விற்றது. வலியத்தான் 2024ல் காலமானார். அவருடைய வால்வு ஆயிரக்கணக்கானோரின் நெஞ்சில் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

நமது பழைய மூலிகைகளும் இச்சரித்திரத்தில் இடம் பெற்றவை. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட பிறகே மேல்நாட்டார் அதன்பால் திரும்பினர். அகஸ்தியர் மலையடியில் வாழும் நாம் இதில் கற்கவேண்டிய பாடம் யாதெனில், பழமையை வெறுமே போற்றுவதால் அது பிழைக்காது. சோதனைக்கு உட்படுத்தித் தேறியபோதே உலகம் ஏற்கும் என்பதாகும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் மருந்து விலை நிர்ணய ஸ்தாபனம் ஸ்டென்டுக்கு உச்ச விலை விதித்தது. சாதாரண வகைக்கு ரூ. 7,260, மருந்து பூசிய வகைக்கு ரூ. 29,600. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேலும் கொடுத்த குடும்பங்கள் உண்டு. ஒரு சர்க்கார் உத்தரவு எவ்வளவு செய்யக்கூடும் என்பதற்கு இது அத்தாட்சி.

பிழைத்தபின்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவனை ஆறு வாரம் படுக்கையிலேயே அசையாமல் கிடத்துவது ஒருகாலத்தில் உலகெங்கும் வைத்திய முறை. அமெரிக்காவில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்னும் இரு டாக்டர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்காரவைத்து, அதனால் தீங்கில்லை, நன்மையே என்று 1952ல் வெளியிட்டனர். இன்று சிக்கலில்லாத நோயாளி சில நாட்களிலேயே நடக்கவைக்கப்படுகிறான். ஆனால் நமது வீடுகளில் ஆறு வாரப் படுக்கை இன்னும் ஒழியவில்லை. "இருதயக்காரர்" என்று பெயரிட்டு அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிடுகிறோம். பத்தமடையில் பாய் நெய்தவரும், வீரவநல்லூரில் தறி மிதித்தவரும், வயலில் மண்வெட்டி பிடித்தவரும் தாம் இனி ஒன்றுக்கும் ஆகாதவர் என்று மனமுடைகிறார்கள். வைத்தியர் சொல்லும் அளவில் நாளும் நடந்து, படிப்படியாகத் தொழிலுக்குத் திரும்புவதே சிகிச்சை.

இதிலும் நமது தேசத்தில் பெரிய சோதனை நடந்திருக்கிறது. டாக்டர் துரைராஜ் பிரபாகரன் முதலியோர் 24 ஆஸ்பத்திரிகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் மூன்று மாதத்தில் பதின்மூன்று யோகாசன வகுப்புகள் நடத்தினர். 2020ல் முடிவு வெளிவந்தது. மரணம், மறு மாரடைப்பு முதலியவற்றில் இரு பிரிவினருக்கும் நிச்சயமான வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் யோகம் பயின்றவர்கள் தமது உடல்நலம் மேலென்று உணர்ந்தனர். பழைய அலுவல்களுக்கு அதிகமாகத் திரும்பினர். நமது யோகம் மரணத்தை வென்றது என்று முழங்க இதில் இடமில்லை. அது மனிதனை எழுந்து நடக்க வைக்கிறது என்பதற்கு இடமுண்டு. உள்ளதை உள்ளபடி சொல்வதே தேசத்திற்குப் பெருமை.

மீட்சிக்குப் பெரிய பகை மருந்தை நிறுத்துவது. 2011ல் 17 தேசங்களின் கணக்கு வெளிவந்தபோது, ஏழைத் தேசங்களில் இருதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் மறுதாக்குதலைத் தடுக்கும் மருந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று கண்டார்கள். அக்கணக்கில் இந்தியாவும் ஏழைத் தேசங்களோடு சேர்ந்திருந்தது. லட்சங்கள் செலவிட்டுத் திறந்த குழாய், தினசரி மாத்திரை நின்றதனால் மறுபடி அடைபடுகிறது. 2021ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மாரடைப்பிலிருந்து மீண்ட ஒவ்வொருவரையும் இவ்வாறே தேடிப் போகவேண்டும்.

செய்யவேண்டியவை

முதலாவது, பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தாலூகா ஆஸ்பத்திரியிலும் இரவும் பகலும் இ.சி.ஜி. எடுப்பவரும், அதைப் பார்த்துச் சொல்லும் நிபுணரின் தொடர்பும், கரைப்பூசியும் இருக்கின்றனவா என்று அந்தந்த ஊர்த் தொண்டர்கள் நேரில் விசாரிக்கவேண்டும். இல்லாத இடத்தில் மனுக் கொடுத்து, கிடைக்கும்வரை விடாது கேட்கவேண்டும்.

இரண்டாவது, 1965 முதல் நம்மிடையே உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியை நடுவாகக் கொண்டு, ஜில்லாவில் மாரடைப்பு வந்தவர் எத்தனை பேர், எத்தனை மணி தாமதித்து வந்தனர், வருஷ முடிவில் எத்தனை பேர் உயிரோடிருக்கின்றனர் என்ற கணக்கு வருஷந்தோறும் பொது ஜனங்கள் முன் வைக்கப்படவேண்டும். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்னும் சிற்றூர் மக்கள் 5,209 பேர் 1948 முதல் தம்மை ஆராய இசைந்ததனாலேயே, இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் இருதயத்தின் பகை என்று உலகம் தெளிந்தது. அம்பாசமுத்திரத்தார் அவர்களுக்கு எதில் குறைந்தவர்கள்?

மூன்றாவது, தொண்டர் ஒவ்வொருவரும் நெஞ்சழுத்திப் பிழைப்பிக்கும் முறையைப் பயிலவேண்டும். மூச்சும் உணர்வும் இழந்து விழுந்தவரின் நெஞ்சின் நடுவே, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே 108க்குச் சொல்லியனுப்பக் கற்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

நான்காவது, நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இவை கண்டால் வாயு என்று சோடாவுக்கு ஆளனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு வண்டியை வரவழைக்கும்படி வீடு வீடாகச் சொல்லவேண்டும். வாயுவாகவே இருந்து திரும்பி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. அறிந்ததை ஏழையின் வாசலுக்குக் கொண்டுசெல்லும் உறுதியே தேவை. அவ்வுறுதியைச் சர்க்காரிடம் கேட்டுப் பெறுவதும், தம்மால் ஆனதைத் தாமே செய்வதும் நமது நேயர்களின் கடமை. வருகிற வாரத்திலேயே தத்தம் ஊர் ஆஸ்பத்திரியில் விசாரணையைத் தொடங்குவார்களாக.